எரிக்கச் சொன்ன கடிதங்கள்

பழைய குடும்பம் ஒன்றின் தாள்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும்போது முதல் வேலை, எதையும் கலைக்காமல் இருப்பது. தேதி வாரியாக அடுக்கத் தோன்றும். மடிப்பை நீவிவிடத் தோன்றும். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்கி எறியத் தோன்றும். பொறுக்க வேண்டும். எந்தக் கட்டு எந்தப் பெட்டியில் எதன்மேல் இருந்தது, எந்த நாடாவால் கட்டியிருந்தது, மேல்தாளில் யார் கையெழுத்தில் என்ன குறிப்பு என்று படமெடுத்து, பென்சிலால் எழுதிவைத்த பிறகுதான் அடுத்தது.

மாசசூசெட்ஸில் ஒரு சிறிய ஊரின் வரலாற்றுச் சங்கத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அமெரிக்கப் புரட்சிக்கு ஒரு தலைமுறை முன்பிருந்தே அந்த ஊரில் கப்பல், கடை, நீதிபதி நாற்காலி என்று செல்வாக்கோடு இருந்த குடும்பம் ஒன்று, பரணில் கிடந்த தாள்களை எங்களிடம் கொடுக்க முன்வந்தது. குடும்பத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வாரிசுகள் இருக்கிறார்கள், அவர்களுடைய சொந்த விஷயங்களும் இதில் வருகின்றன. கோடையில் வெந்து குளிர்காலத்தில் உறையும் நியூ இங்கிலாந்துப் பரணில் அந்தத் தாள்கள் இருநூறு ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடித்ததே பெரிது.

கறுப்பு நாடா கட்டிய ஒரு சிறு கட்டில் மூன்று தாள்கள் இருந்தன. ஒன்று மருத்துவரின் பில். ஒன்று சவப்பெட்டி செய்த தச்சருக்குப் பணம் கொடுத்த ரசீது. மூன்றாவது, தேதியோ பெயரோ இல்லாத கடிதம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வலி இல்லை என்று அதில் ஒரு வரி. பில்லைப் பில்லோடும் கடிதத்தைக் கடிதத்தோடும் சேர்த்திருந்தால் அது யாரைப் பற்றிய கடிதம் என்று எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. மூன்றும் ஒரே நாடாவுக்குள் இருந்ததால் இறந்தது மூத்த மகள் என்றும், மாதம் எது என்றும் தெரிந்தது. கட்டியவர் எதையோ நினைத்துத்தான் கட்டியிருக்கிறார். அந்த நினைப்பும் ஆவணம்தான்.

வந்த பெட்டிகளை மற்ற ஆவணங்கள் இருக்கும் அறைக்கு உடனே கொண்டுபோகாமல் தனி அறையில் வைத்தோம். இராமபாணப் பூச்சியும் பூஞ்சணமும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும். நனைந்த தாள் என்றால் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் கிளம்பிவிடும். அதற்குள் உலர்த்த முடியாவிட்டால் உறைபெட்டியில் வைத்து நேரம் வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு வந்தவை உலர்ந்திருந்தன. தூசியைத் துடைக்க மென்மயிர்த் தூரிகை போதுமாக இருந்தது.

இந்த வேலையில் எனக்கு ஆசானாக இருந்தவை ஆடம்ஸ் குடும்பத்தின் தாள்கள். பாஸ்டனில் பாய்ல்ஸ்டன் தெருவில், மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. ஜான் ஆடம்ஸ் நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர். மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஆறாவது. பேரன் சார்ல்ஸ் பிரான்சிஸ் உள்நாட்டுப் போர்க்காலத்தில் லண்டனில் அமெரிக்காவின் தூதர். கொள்ளுப்பேரன் ஹென்றி வரலாற்றாசிரியர். இவர்கள் எழுதியவையும் இவர்களுக்கு வந்தவையுமாக இரண்டரை லட்சம் பக்கங்களுக்கு மேல். ஜானும் மனைவி அபிகெயிலும் ஒருவருக்கொருவர் எழுதியவை மட்டுமே 1,100க்கு மேல். ஜான் குவின்சி 1779 நவம்பரில், 12 வயதில், அப்பாவோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறும்போது தொடங்கிய நாட்குறிப்பு 1848இல் அவர் இறக்கும் காலம்வரை வருகிறது. 51 தொகுதிகள், 14,000 பக்கங்களுக்கு மேல்.

இவ்வளவும் எப்படி மிஞ்சின என்று தேடிப் படிக்கப் படிக்க, அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது என்று புரிந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் ஒரு முடிவெடுத்திருக்கிறார்.

முதல் முடிவு, எரிக்காதது. 1775 கோடையில் ஜான் எழுதிய சில கடிதங்கள் வழியில் பிரிட்டிஷார் கையில் சிக்கி அச்சேறி, ஊர் பார்க்க அவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. அபிகெயில் பயந்ததில் வியப்பில்லை. தன் கடிதங்களை எரித்துவிடுங்கள் என்று கணவருக்கு எழுதினார். ஜான் 1776 ஏப்ரல் 28 அன்று எழுதிய பதில்: "உன் கடிதங்களை எரிக்கச் சொல்கிறாய். அதற்கு முன் நான் உன்னை மறக்க வேண்டும்." அதே ஆண்டு ஜூன் 2 அன்று, இருபது ஆண்டுகளாகக் கடிதம் எழுதியும் ஒன்றுக்குக்கூட நகல் வைத்துக்கொள்ளவில்லை, அது பல தடவை பெரும் இழப்பாகிவிட்டது என்று எழுதி, பெரிய அளவு நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கியிருப்பதாகச் சொல்கிறார். இனி எழுதும் கடிதமெல்லாம் அதில் நகலாக ஏறும். அபிகெயிலையும் அப்படியே செய்யச் சொல்கிறார். என் கடிதங்களைவிட உன்னுடையவைதான் காக்க வேண்டியவை என்று காரணமும் சொல்கிறார். நாடு பிறக்கப்போகும் நேரத்தில், பிலடெல்பியாவில் மூச்சுவிட நேரமில்லாத மனிதர் கடைக்குப் போய் நோட்டு வாங்கியிருக்கிறார். எனக்கு அந்தக் கடிதம் மிகவும் பிடிக்கும்.

வாஷிங்டன் வீட்டில் நடந்தது வேறு. ஜார்ஜும் மார்த்தாவும் எழுதிக்கொண்ட கடிதங்களை மார்த்தா எரித்துவிட்டார். விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சின. ஜெஃபர்சனும் மனைவியோடான கடிதங்களை வைக்கவில்லை. அதற்கு முன்பே, 1770இல் ஷாட்வெல் வீடு தீப்பிடித்தபோது அவருடைய இளமைக்காலத் தாள்கள் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டன. பட்டவர் என்பதால்தானோ என்னவோ, வரலாற்று ஆவணங்களைத் தொகுத்துவந்த எபனேசர் ஹசார்டுக்கு 1791இல் எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன யோசனை இன்றுவரை எங்கள் தொழிலின் அடித்தளம்: பூட்டும் நிலவறையும் காப்பாற்றாது, விபத்து எட்ட முடியாத அளவுக்குப் பிரதிகளைப் பெருக்க வேண்டும். அதே 1791இல்தான் ஹசார்டின் நண்பர் ஜெரமி பெல்க்நாப் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் பிரதி பெருக்குவதில் நம்பிக்கை வைத்தவர்.

தீ பற்றிய பயம் ஆடம்ஸ் வீட்டிலும் இருந்தது. தாள்களுக்குத் தீப்பிடிக்காத கட்டடம் ஒன்று கட்ட வேண்டும் என்று ஜான் குவின்சி உயிலில் கேட்டுக்கொண்டார். சார்ல்ஸ் பிரான்சிஸ் அதை 1870இல் கட்டி முடித்தார். குவின்சி என்ற ஊரில் அவர்களுடைய பழைய வீட்டுக்குப் போகிறவர்கள் தோட்டத்துப் பக்கம் அந்தக் கல் நூலகத்தைப் பார்க்கலாம். வீட்டை ஒட்டாமல் தள்ளி நிற்கிறது. கல் சுவர், ஸ்லேட் கூரை. வீட்டில் பிடித்த தீ நூலகத்துக்குத் தாவக் கூடாது என்ற ஒரே கணக்கு. அப்படிக் கட்டடம் எழுப்ப நம்மால் முடியாது. ஆனால் அந்தக் கணக்கைப் போடலாம். தாள்கள் இருக்கும் இடத்துக்கு மேலே தண்ணீர்க் குழாய் போகிறதா, பின்சுவரில் சமையலறையா, தரைக்கும் கீழ்த்தட்டுக்கும் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் அலமாரிகளுக்கு இடம் முடிவு செய்தோம்.

இனி தாளும் மையும். பலருக்கு வியப்பாக இருப்பது, 1780இல் எழுதிய கடிதம் 1890இன் செய்தித்தாள் நறுக்கைவிடத் திடமாக இருப்பது. பழைய தாள் கந்தல் துணியிலிருந்து, பருத்தியும் லினனும் கூழாக்கிச் செய்தது. நார் நீளம், வலு அதிகம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழ் வந்தது. அதில் அமிலம். பழுத்து, உதிர்ந்து, தொட்ட தாளையும் கறையாக்கும். எங்கள் பெட்டிகளில் பாட்டி ஒருவர் பழைய கடிதங்களுக்கு நடுவே செய்தித்தாள் நறுக்குகளைப் பத்திரமாகச் சொருகி வைத்திருந்தார். ஒவ்வொரு நறுக்கின் வடிவமும் கடிதத்தின் மேல் பழுப்பாகப் பதிந்திருக்கிறது. நறுக்கை எடுத்து அமிலமில்லாத தாளில் நகலெடுத்து, எங்கே இருந்தது என்று குறித்துவிட்டு, அதைத் தனி உறையில் போட வேண்டும். எடுத்த இடத்தில் ஒரு குறிப்புத்தாள் வைத்துவிட்டால் வரிசை கலையாது.

மையின் கதை நேர்மாறு. பழையதுதான் ஆபத்து. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதிய மை மாசிக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, வேலம்பிசின் மூன்றும் சேர்ந்தது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காய்தான். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப்பட்டுக் கறுக்கும். அன்னபேதி கூடிப்போன மையில் மிஞ்சிய இரும்பும் அமிலமும் காலப்போக்கில் தாளைத் தின்னும். அழுத்தி எழுதிய இடத்தில் எழுத்தே ஓட்டையாக விழுந்திருக்கும். இதற்குத் தண்ணீர் எதிரி. ஈரம் பட்டால் மையிலுள்ள இரும்பு சுற்றியுள்ள தாளுக்குப் பரவி அங்கேயும் அரிக்கத் தொடங்கும். அதனால் மடிப்பை நிமிர்த்த நீராவி காட்டுவதோ, கிழிசலைக் கோதுமைப் பசையும் ஜப்பானியத் தாளும் கொண்டு ஒட்டுவதோ, பயிற்சி பெற்ற காகிதப் பாதுகாப்பாளர் மையைச் சோதித்துப் பார்த்த பின்னரே நடக்க வேண்டும். எங்களால் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பாளரை வைத்துக்கொள்ள வசதியில்லை. ஓட்டை விழுந்த கடிதங்களை மட்டும் அனுப்பினோம். மற்றவை அமிலமில்லாத ஃபோல்டரில், ஒளி படாத பெட்டியில் இருக்கின்றன. 20 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமும், 35லிருந்து 50 சதவீதத்துக்குள் ஈரப்பதமும் நல்லது. அந்த எண்ணைப் பிடிப்பதைவிட, ஏறி இறங்காமல் வைத்திருப்பது முக்கியம் என்பது என் அனுபவம். பரணையும் நிலவறையையும் விட்டு, ஆள் புழங்கும் அறையின் உள்சுவர் அலமாரிக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செல்லோ டேப்பையும் லேமினேட் செய்வதையும் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டும். அன்பினால் செய்யும் கெடுதல்களில் இவை இரண்டும் முதலிடம். டேப்பின் பிசின் தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகி, பட்டை தானாக விழுந்த பிறகும் கறையாக நிற்கும். லேமினேட் செய்தது வீட்டாரின் குற்றம் மட்டுமல்ல. 1930களிலிருந்து வில்லியம் பாரோ என்பவர் பரப்பிய முறைப்படி, செல்லுலோஸ் அசிட்டேட் படலத்துக்குள் சூடாக அழுத்தி ஒட்டுவதைப் பெரிய காப்பகங்களே பல பத்தாண்டுகள் செய்தன. பிறகுதான் அது தாளுக்கு நல்லதில்லை, பிரித்தெடுப்பதும் பெரும்பாடு என்று தெரிந்து கைவிட்டார்கள். நாளைக்கு அவிழ்க்க முடியாத எந்த வைத்தியத்தையும் இன்றைக்குச் செய்யக் கூடாது என்று நாங்கள் வைத்திருக்கும் விதிக்கு அந்த வரலாறுதான் காரணம். வெள்ளைக் கையுறை பற்றியும் கேட்பார்கள். புகைப்படங்களுக்குச் சரி. தாளுக்கு வேண்டாம். கையுறை போட்ட விரலுக்குத் தாளின் விளிம்பு தெரியாது, கிழிந்துவிடும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் தபால் உறை கிடையாது. கடிதத்தையே மடித்து, மேல் விலாசமெழுதி, அரக்கு முத்திரை வைப்பார்கள். பெற்றவர் அவசரத்தில் பிரிக்கும்போது முத்திரையோடு தாளின் ஒரு துண்டும் பிய்ந்து போகும், அதோடு இரண்டு மூன்று சொற்களும். அச்சிட்ட பதிப்புகளில் வரிகளுக்கு நடுவே தொக்கி நிற்கும் இடங்கள் பலவும் இப்படி வந்தவை. ஆனால் பிய்ந்த துண்டு பெரும்பாலும் எங்கும் போவதில்லை. எதிர் விளிம்பில் அரக்குக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சாய்வாக விளக்கைப் பிடித்துப் பார்த்தால் எழுத்து தெரியும். எங்கள் கடிதங்கள் சிலவற்றில் காணாமல்போன சொற்கள் அப்படித்தான் கிடைத்தன. முத்திரையை அழுக்கென்று சுரண்டிவிட்டால் அவையும் போச்சு.

இதெல்லாம் கைவேலை, கற்றுக்கொள்ளலாம். குடும்பத்தாரோடு பேசுவதுதான் கடினமான பகுதி.

எங்கள் பெட்டிகளில் 1760களின் கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. சர்க்கரை, இரும்பாணி, துணி என்று போகும் பக்கங்களின் நடுவே, இன்ன விலைக்கு ஒரு நீக்ரோப் பெண் வாங்கியதாக ஒரு வரி. குடும்பப் பெயர் இல்லாமல் பெயர் மட்டும். மாசசூசெட்ஸிலும் அடிமைமுறை இருந்தது. 1783இல் நீதிமன்றத் தீர்ப்புகளோடுதான் அதன் சட்ட அடிப்படை இந்த மாநிலத்தில் சரிந்தது. தாள்களைக் கொடுத்த அம்மையார் எழுபதைக் கடந்தவர், பண்பானவர். அந்த வரியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மறுநாள் தொலைபேசியில் கேட்டார்: "இந்த ஒரு பக்கத்தை மட்டும் நானே வைத்துக்கொள்ளட்டுமா? மற்றதெல்லாம் உங்களுக்கே."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆடம்ஸ் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. சார்ல்ஸ் பிரான்சிஸ் 1840இல் பாட்டி அபிகெயிலின் கடிதங்களை அச்சிட்டு வெளியிட்டார். பெண் ஒருவரின் கடிதங்களை அப்படி வெளியிட்டது அந்த நாளில் பெரிய காரியம். ஆனால் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். வீட்டுச் செய்தி, உடம்புச் செய்தி என்று பலவற்றை விட்டுவிட்டார். அபிகெயில் பள்ளிக்கூடம் போகாதவர். காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். பிழைகளோடு படித்தால்தான் அவர் குரல் கேட்கிறது. 1777 ஜூலை 9 அன்று, பிரசவம் நெருங்கியிருக்கும்போது அவர் கணவருக்குக் கடிதம் எழுதுகிறார், இந்தக் குழந்தை உயிரோடு பிறக்குமோ என்ற பயத்தோடு. இரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அந்தக் கடிதம் வீட்டு விஷயம்தான். அதைவிட அந்தப் போர்க்காலத்தை எனக்குச் சொன்ன ஆவணம் வேறில்லை. சார்ல்ஸ் பிரான்சிஸ் அச்சில் மாற்றினாரே தவிர அசலைக் கிழிக்கவில்லை என்பதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அசல் இருந்ததால் பின்னால் வந்தவர்கள் பிழையும் அடித்தலும் உட்பட உள்ளபடியே பதிப்பிக்க முடிந்தது.

அம்மையாரிடம் நான் சொன்னது ஃபீபியின் கதை. ஆடம்ஸ் தம்பதி அடிமைகளை வைத்துக்கொண்டதில்லை. ஆனால் அபிகெயிலின் தந்தை, வேமவுத் ஊர்ப் பாதிரியார் வில்லியம் ஸ்மித், வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் ஃபீபி. 1783இல் ஸ்மித் இறந்தபோது விடுதலை பெற்றார். 1784இல் அபிகெயில் கணவரோடு சேர ஐரோப்பாவுக்குக் கப்பலேறும்போது, தம் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒப்படைத்துப் போனது ஃபீபியிடமும் அவர் கணவர் வில்லியம் அப்டீயிடமும்தான். இது நமக்குத் தெரிவது அபிகெயிலின் குடும்பத்தார் தாள்களை வைத்திருந்ததால். ஃபீபியின் பெயரால் எந்தக் காப்பகமும் இல்லை. பெரிய வீட்டின் தாள்கள் அந்த வீட்டாருடையவை மட்டும் இல்லை. அந்த வீட்டில் வேலை செய்தவர்கள், கடன் வாங்கியவர்கள், விற்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் பல நேரம் அது ஒன்றே பதிவு.

அம்மையார் வந்தார். கணக்குப் புத்தகத்தை நுரைப்பஞ்சுத் தாங்கியின்மேல் விரித்துக் கொடுத்தோம். அவசரமில்லாமல் புரட்டினார். அந்தப் பெயர் இன்னும் இரண்டு இடத்தில் வந்தது: ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிய செலவில் ஒரு தடவை, காய்ச்சலுக்கு மருத்துவர் வந்துபோன செலவில் ஒரு தடவை. "இந்தப் பெண்ணுக்கு இந்தப் புத்தகத்தை விட்டால் வேறு இடமே இல்லையா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்து இல்லை என்றேன். அதன்பிறகு பக்கத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

கேட்டதற்கெல்லாம் மாட்டேன் என்று நின்றால் குடும்பங்கள் தாள்களைத் தர மாட்டார்கள். உயிரோடிருப்பவர்களின் விவாகரத்து, மனநோய், மருத்துவக் கடிதங்கள் எங்கள் பெட்டிகளிலும் இருந்தன. அவற்றைக் குறிப்பிட்ட ஆண்டுவரை யாருக்கும் காட்டுவதில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டோம். கெடு வைத்து மூடுவது நேர்மையான வழி, ஆனால் கெடு தேதியாக இருக்க வேண்டும். குடும்பம் விரும்பும்வரை என்று எழுதினால் அந்தக் கதவு திறக்காது. கிழிப்பதற்கும் கறுப்படித்து மறைப்பதற்கும் நாங்கள் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த சிக்கல் பங்கு. அம்மையாரின் உடன்பிறந்தார் பிள்ளைகளில் ஒருவர், ஆளுக்கொரு கட்டாகப் பிரித்துக்கொள்ளலாமே என்றார். புகழ்பெற்ற தளபதி ஒருவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அதில் இருந்தது. அதற்கு நல்ல விலை வரும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இந்தப் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு வாஷிங்டன் தாள்களே சாட்சி. அவற்றைப் பதிப்பித்த ஜாரெட் ஸ்பார்க்ஸ், வாஷிங்டனின் முதல் பதவியேற்புக்காகத் தயாரித்துப் பின்னர் பயன்படுத்தாத உரையின் வரைவைத் துண்டு துண்டாக வெட்டி, கையெழுத்துச் சேகரிக்கும் நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். இன்றுவரை துண்டுகளைத் தேடிச் சேர்க்கிறார்கள், முழுதாகச் சேரவில்லை. பிள்ளைகளிடம் நாங்கள் வைத்த மாற்று: அசல் ஓரிடத்தில், ஒரே வரிசையில். எல்லாக் கிளைக்கும் முழுத்தொகுப்பின் ஸ்கேன். விருப்பப்பட்ட கடிதத்துக்குச் சட்டம்போட்டு மாட்டும் தரத்தில் நகல். தளபதியின் கடிதம் நகலாக இப்போது ஒரு வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. அசல், அதற்கு முன்பும் பின்பும் எழுதிய கடிதங்களோடு எங்களிடம் இருக்கிறது. அது எதற்குப் பதில் என்பது முந்திய கடிதம் இல்லாமல் விளங்காது. பேரம் பேசும்போது இதை நான் சொன்னேன், அதைவிட நகல்தான் அவரை இளக்கியது.

பேச்சு முடிந்ததும் கொடைப் பத்திரம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக, இங்கே வைத்திருங்கள் என்று விட்டுப்போன பெட்டிகளால் சங்கங்களும் குடும்பங்களும் முப்பது ஆண்டு கழித்து மோதிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கொடையா, கடனா, யார் யார் கையெழுத்திட வேண்டும், பதிப்புரிமை யாருக்கு, எங்களுக்கு வேண்டாத தாள்கள் வந்தால் திருப்பித் தருவதா என்று ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். அமெரிக்கச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டு கடந்த, வெளியாகாத கடிதங்கள் பெரும்பாலும் பொதுவுடைமை. அதற்குப் பிந்தியவற்றுக்குத்தான் வாரிசுகளின் அனுமதி முக்கியம்.

கொடுப்பது எவ்வளவு கடினம் என்பதையும் ஆடம்ஸ் குடும்பம்தான் காட்டியது. 1905இல் அவர்கள் தாள்களுக்கென்று ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். தாள்கள் வரலாற்றுச் சங்கத்துக் கட்டடத்துக்குள் இருந்தும் குடும்பத்தின் சொத்தாகவே பூட்டிக் கிடந்தன. அரை நூற்றாண்டு. பத்திரமாக இருந்தன, உண்மை. ஆனால் அந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்கப் புரட்சியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அவற்றைப் பார்க்காமலே எழுதினார்கள். 1950களில் கதவு திறந்தது. 1954இல் லைமன் பட்டர்ஃபீல்ட் தலைமையில் பதிப்புப் பணி தொடங்கியது. 1956இல் தாள்களின் உரிமையே சங்கத்துக்கு வந்தது. அதே பத்தாண்டில் எல்லாவற்றையும் 608 சுருள் மைக்ரோஃபிலிமாக எடுத்துப் பல நூலகங்களுக்கு அனுப்பினார்கள். ஜெஃபர்சன் கேட்ட பிரதிப் பெருக்கம் அதுதான். 1961இல் ஜான் ஆடம்ஸின் நாட்குறிப்பும் தன்வரலாறும் நான்கு தொகுதிகளாக வந்தன. பணி இன்னும் முடியவில்லை. இன்று தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு அபிகெயிலின் கடிதத்தை அவர் கையெழுத்திலேயே கணினியில் பார்க்கலாம், காசு கொடுக்க வேண்டாம்.

நாங்களும் இப்போது பழைய கையெழுத்தைப் படித்து உள்ளபடியே எழுதியெடுக்கும் வேலையில் இருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் வாரம் ஒருமுறை வந்து உட்காருகிறார்கள். பழைய கையெழுத்தில் எஃப் போல நீளும் எஸ், கடைசி எழுத்தை மேலே தூக்கி எழுதும் சுருக்கங்கள், ஒரு பக்கம் நிரம்பியதும் தாளைத் திருப்பி குறுக்கே எழுதிய வரிகள் எல்லாம் கண்ணுக்குப் பழகக் கொஞ்ச காலம் ஆகும். தெரிந்த கடிதம் ஒன்றை அச்சுப் பிரதியோடு பக்கத்தில் வைத்துப் பழகுவது நல்ல வழி. ஆடம்ஸ் தாள்களின் படங்களையே அதற்குப் பயன்படுத்துகிறோம். பிழையைத் திருத்தாதே, ஊகித்த சொல்லை அடைப்புக்குறிக்குள் போடு, படிக்க முடியாததைப் படிக்க முடியவில்லை என்று எழுது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாக வாசிக்க, முதலில் எழுதியவர் அசலைப் பார்த்துச் சரிபார்க்கிறார். கணினி இப்போது கையெழுத்தை ஓரளவு படிக்கிறது. முதல் வரைவுக்கு உதவும். தெரியாத சொல்லுக்குத் தெரிந்த சொல்லைத் தைரியமாகப் போட்டுவிடுவதால் சரிபார்க்காமல் விட முடியாது. ஸ்கேன்களின் ஒரு பிரதி எங்கள் கட்டடத்தில், ஒன்று வேறு ஊர்ச் சேவையகத்தில், ஒன்று குடும்பத்திடம்.

பெயர்ச் சுட்டி போடும்போது எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. நீதிபதிகள், கப்பல் தலைவர்கள் பெயர் போதும், நேரமில்லை என்றார்கள் சிலர். தச்சர், செவிலி, வேலைக்காரி, அடிமை, பெயர் வந்த எல்லாரையும் போட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வேலை இரண்டு மடங்கானது. சுட்டியை வெளியிட்ட பிறகு முதலில் வந்த விசாரணை, நீதிபதியைப் பற்றியது இல்லை. இந்த மாநிலத்தில் தன் கறுப்பின முன்னோரைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர், கணக்குப் புத்தகத்திலிருந்த அந்தப் பெண்ணின் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிருந்தார். தன் குடும்பத்தில் தாய்வழியாக வந்துகொண்டேயிருக்கும் பெயர் அது, அவர்தானா என்று தெரியாது என்றார். எங்களுக்கும் தெரியாது. மூன்று பதிவுகளின் பக்கங்களையும், ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் பின்பக்கத்தோடு சேர்த்து, அன்றைக்கே அவருக்கு அனுப்பிவைத்தோம்.